மலைக்குப் போன மங்கா மூட்டை

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் எத்தனை வளைவு இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். ஒரு தடவைகூடக் கணக்கு முடிந்ததில்லை. பாதியிலேயே வயிறு புரட்டிவிடும். போன டிசம்பரிலும் ரிங்லெட் வருவதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை நிறைந்துவிட்டது. மடியில் இன்னொரு பை. அதில் 17 படக்கதைப் புத்தகங்கள். அந்த அவசரத்திலும் புத்தகப் பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தேனாம். காரை ஓட்டி வந்த சித்தப்பா, வீடு சேர்ந்ததும் சின்னம்மாவிடம் முதல் வேலையாகச் சொன்னது அதைத்தான்.

"உன் அக்கா மவளுக்கு உசுரே போனாலும் பொஸ்தகத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாது லா."

ஆகத்தான் கூடாது. ஒவ்வொன்றும் ஐம்பது வெள்ளிக்குப் பக்கத்தில். அதைவிட முக்கியம், இந்த 17ஐத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. வருஷக் கடைசி விடுமுறைக்குச் சித்தப்பா குடும்பம் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும்போது ஒரு மூட்டை புத்தகம் தூக்கிப் போவது என் வழக்கம். முன்பெல்லாம் நாவல்கள் போகும். நான் மட்டும் படிப்பேன். மற்றவர்கள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அந்த வீட்டுக்குப் பொதுவாக ஒரு புத்தகம் எடுத்துப் போவது சுலபமில்லை. பாட்டி தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். சின்னம்மா தமிழ் மட்டும். சித்தப்பாவுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு, கம்பத்து நண்பர்களிடம் பழகி ஜாவி எழுத்துகூட ஓரளவு வரும். படிவம் நான்கு படிக்கிற தங்கச்சிக்கு ஆங்கிலம். படிவம் ஒன்றுக்குப் போன தம்பிக்கு மலாய், அதுவும் திரையில் இருந்தால்தான். இந்த ஐந்து பேருக்கும் ஒரே எழுத்தில் ஒரு கதை சொல்ல வேண்டுமென்றால் படம் ஒன்றுதான் வழி. இது புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆனதே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

"என்னாது, மாங்கா பொஸ்தகமா?" என்றார் பாட்டி. மங்கா, பாட்டி. ஜப்பான்காரர்கள் படக்கதைக்கு வைத்த பேர். "மாங்கான்னே சொல்லு, வாய்க்கு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.

முதல் நாளே தம்பி ஒரு புத்தகத்தை எடுத்து இடமிருந்து புரட்டி, "அக்கா, இந்தக் கதைல எல்லாரும் மொதல்ல செத்துட்டு அப்புறம் பொறக்குறாங்க" என்றான். ஜப்பானிய மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நமக்குக் கடைசி அட்டை எதுவோ அதுதான் அவர்களுக்கு முதல் அட்டை. நான் விளக்க வாயைத் திறக்குமுன் சித்தப்பா முந்திக்கொண்டார்: "ஜாவி மாதிரி டா." இதைவிடச் சுருக்கமான மங்கா வகுப்பை நான் எங்கும் கேட்டதில்லை. பத்து நிமிஷத்தில் தம்பி பழகிவிட்டான். நீங்களும் பழகிவிடுவீர்கள், பயந்து ஒதுங்காதீர்கள்.

நான் ஆரம்பித்துவைத்தது மிசாக்கி தகாமட்சு வரையும் 'ஸ்கிப் அண்ட் லோஃபர்'. காரணம் சொந்த அனுபவம். இஷிகாவா மாநிலத்துக் கடலோரச் சிற்றூரிலிருந்து மித்சுமி என்ற பெண் தோக்கியோவுக்கு மேல்நிலைப் பள்ளி படிக்க வருகிறாள். ஊரிலே அவள்தான் கெட்டிக்காரி. பெரிய அதிகாரியாகி, ஊருக்கே திரும்பி வந்து அதைக் காப்பாற்றுவது வரை வாழ்க்கைத் திட்டம் தயார். பள்ளியின் முதல் நாள், வரவேற்பு உரையை அட்டகாசமாகப் பேசி முடித்த கையோடு ஆசிரியர் மேலேயே வாந்தி எடுக்கிறாள்! தாப்பா சாலையில் வந்த எனக்கு அவள் கூடப்பிறந்த சகோதரியாகிவிட்டாள். அதோடு, தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்தக் கதையைத் தன் கதை என்றுதான் சொல்லும். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. ஒரு பெண் வெள்ளந்தியாக நாலு பேரிடம் பழகப் பழக அந்த நாலு பேரும் கொஞ்சம் நல்லவர்களாகிறார்கள், அவ்வளவுதான். தங்கச்சி அன்றிரவே மூன்று பாகம் முடித்தாள். கண் சிவந்திருந்ததற்குத் தூக்கம் காரணம் என்றாள். நான் நம்பவில்லை.

மறுநாள் காலை மழை. டிசம்பர் மழை இங்கே கொட்டாது. மலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். லயத்து வாசலில் நின்றால் எதிரே இருக்கும் தேயிலைச் சரிவு தெரியாது, ஆனால் ஈர இலையின் வாசம் மட்டும் வரும். ஒரு கோப்பை தே ஓ, ஒரு கம்பளி, காலடியில் பூனை. இந்த நிலையில் 'ஃப்ரீரென்' படிக்காமல் செத்துப்போகாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

கனேஹிதோ யமதா எழுத, ட்சுகாசா அபே வரைகிறார். 2020ல் தொடங்கி, மறு வருஷமே ஜப்பானின் மங்கா தைஷோ விருதை வாங்கியது. மந்திரவாதிகளும் அரக்கர்களும் வருகிற கதைதான், ஆனால் மற்ற கதைகள் எங்கே முடியுமோ அங்கே இது தொடங்குகிறது. நான்கு பேர் பத்து வருஷம் நடந்து அரக்க ராஜனைக் கொன்றுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்த நால்வரில் ஃப்ரீரென் மட்டும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் உயிர்வாழும் இனம். பத்து வருஷம் அவளுக்கு ஒரு வாரம் மாதிரி. "சரி, அப்புறம் பார்ப்போம்" என்று கிளம்பிப்போகிறாள். ஐம்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தால், அழகனாக இருந்த ஹிம்மெல் தலை வழுக்கை விழுந்த கிழவர். கொஞ்ச நாளில் இறந்தும் போகிறார். அடக்கத்தின்போதுதான் அவளுக்கு உறைக்கிறது: பத்து வருஷம் கூட நடந்த மனிதனைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது. அதன்பிறகு அவள் அந்தப் பழைய வழியிலேயே இன்னொரு முறை நடக்கத் தொடங்குகிறாள், மனிதர்களைத் தெரிந்துகொள்வதற்காக.

நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யாமல் விட்டால் மரமாகிவிடும். வெட்டி வெட்டி இடுப்பளவில் வைத்திருப்பதால் நமக்கு அது சின்னச் செடியாகத் தெரிகிறது. பக்கத்துச் சரிவில் இருப்பவற்றில் பல என் பாட்டியைவிட மூத்தவை. பாட்டியின் அம்மா கொழுந்து எடுத்த செடியில் பாட்டி எடுத்தார். பிறகு என் அம்மா கொஞ்ச காலம். இப்போது நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இயந்திரக் கத்தரியோடு நிற்கிறார்கள். செடி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு நம்மில் யாரையாவது ஞாபகம் இருக்குமா? ஃப்ரீரென் படித்த காலையில் இப்படியெல்லாம்தான் தோன்றும். பாட்டியிடம் போய், "ஒங்கம்மாவப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதேயில்லை.

படக்கதையை எடைபோட எனக்கென்று ஒரு தராசு வைத்திருக்கிறேன். பேச்சே இல்லாத பக்கம் ஒன்று வர வேண்டும். அந்தப் பக்கத்தில் நான் நின்றுவிட வேண்டும். வசனத்தை மட்டும் துரத்திக்கொண்டு ஓடினால் ஒரு மங்காவை அரை மணியில் முடித்துவிடலாம், கையில் ஒன்றும் தங்காது. ஃப்ரீரெனில் அப்படி நிற்க இடம் நிறைய. வருஷங்கள் கடப்பதை நாலு சின்னக் கட்டங்களில், ஒரு சொல்கூட இல்லாமல் காட்டுவார் அபே.

அந்தத் தராசில் தங்கம் என்றால் தட்சுகி ஃபுஜிமோத்தோவின் 'லுக் பேக்'. 2021ல் வந்தது. ஒரே புத்தகம், ஒரு மணி நேரம் போதும். பள்ளிப் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிற ஃபுஜினோ, தானே பெரிய ஓவியர் என்று மிதப்பாக இருக்கிறாள். பள்ளிக்கே வராமல் வீட்டில் அடைந்துகிடக்கும் கியோமோத்தோ என்ற பெண் அவளைவிடப் பல மடங்கு அருமையாக வரைகிறாள் என்று தெரிந்ததும் பொறாமையில் வெந்துபோகிறாள். பிறகு அவர்கள் தோழிகளாவதும், அதற்குப் பின் நடப்பதும்... சொல்ல மாட்டேன். முதுகு மட்டும் தெரியும்படி மேசையில் குனிந்து வரையும் ஒரு பெண், யன்னலுக்கு வெளியே பருவங்கள் மாறுகின்றன. இதையே பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார் மனுஷன்! உழைப்பைப் படமாக வரைய முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ ஒருத்தர் தன் படத்தைப் பாராட்டிவிட்டார் என்பதற்காக அந்தப் பெண் மழையில் நனைந்தபடி துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும் காட்சி ஒன்று வருகிறது. அதை ஐந்து முறை பார்த்தேன். 2024ல் படமாகவும் வந்தது, நன்றாகவே இருந்தது. இருந்தாலும் புத்தகம்தான் முதலில்.

தங்கச்சியும் வரைகிறவள். பாடநூல் ஓரத்தில் வரைந்ததற்காக ஒருமுறை ஓர் ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அன்றிலிருந்து யாருக்கும் காட்டுவதில்லை. 'லுக் பேக்' படித்த மறுநாள் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் துணி காயப்போடப் போனாள். அந்த மழையில் எந்தத் துணி காயும்? திறந்தால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும் ஆட்கள், லாரியில் ஏறும் கொழுந்து மூட்டைகள், தாத்தாவின் தொப்பி. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் மூக்கைச் சிந்தினேன்.

இனி என் உயிர்ப் புத்தகத்துக்கு வருகிறேன். மக்கோத்தோ யுகிமுராவின் 'வின்லாண்ட் சாகா'. 2005ல் தொடங்கி 20 வருஷம் வரைந்து, 2025ல்தான் முடித்தார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வைக்கிங் கடற்கொள்ளையர் கதை. முதல் பாகங்களில் கோடாலியும் ரத்தமும்தான். அப்பனைக் கொன்றவனைப் பழிவாங்க வேண்டும் என்று ஒரு பையன், தோர்ஃபின், கத்தியோடு அலைகிறான். சண்டைப் பிரியர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். எனக்கு அதுவல்ல. பழிவாங்கும் வாய்ப்பும் போய், அடிமையாக விற்கப்பட்டு, டென்மார்க்கில் ஒரு பண்ணைக்கு அவன் வந்து சேர்கிற இடத்திலிருந்துதான் என் கதை.

பண்ணைக்கார எஜமான் ஒரு காட்டைக் காட்டுகிறார். இதை வெட்டித் திருத்திக் கோதுமை போடு, விளைச்சலை விற்று உன் விலையைக் கட்டு, அப்புறம் நீ சுதந்திரமானவன். கூட எய்னார் என்ற இன்னோர் அடிமை. இரண்டு பேரும் மரம் வெட்டுகிறார்கள். வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்கிறார்கள். ஒரு கட்டைக்கே நாள் முழுக்க ஆகிறது. ஏர் இல்லை, குதிரை இல்லை. ஒரு கிழவரிடம் வேலை செய்துகொடுத்து இரவல் வாங்குகிறார்கள். முளைவிட்ட பயிரைப் பொறாமை பிடித்த வேலையாட்கள் பிடுங்கிப் போடுகிறார்கள். பாகம் பாகமாக இதுதான்! கொலையும் கொள்ளையுமாக ஓடிய கதை நின்று, மண்ணைக் கிளறத் தொடங்குகிறது. சண்டைக்காக வந்த வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் சலித்துக்கொண்டார்கள். அவர்கள் பாவம்.

ஏனென்றால் நான் இதைப் படித்தது எங்கே தெரியுமா? 1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இந்த மலை முழுக்கக் காடு. தாப்பாவிலிருந்து வரும் சாலைகூட அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. இன்று உல்லாசப் பயணிகள் கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பச்சைக் கம்பளத்தை விரிக்கக் காட்டை வெட்டியவர்கள், வேரைப் பிடுங்கியவர்கள், சரிவில் நின்று நாற்று வைத்தவர்கள் நம்மவர்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் கட்டுரையில் படித்திருக்கிறேன், மேடையில் கேட்டிருக்கிறேன். ஒரு வேர்க்கட்டை எவ்வளவு கனம் என்று எனக்குக் காட்டியது இந்த ஜப்பான்காரர்தான். தோர்ஃபின் முதல் முதலாக விளைந்த கோதுமை நடுவே நிற்கும் இடத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். மொழி புரியாத புத்தகத்தை இருபது நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தவர், "நம்ம தாத்தா காலத்துக் கதையா இது?" என்றார். ஆமாம் சித்தப்பா, கிட்டத்தட்ட.

அவருக்கு அடுத்து நான் கொடுத்தது சத்தோரு நோதாவின் 'கோல்டன் காமுய்'. 31 பாகம், 2014லிருந்து 2022 வரை வந்தது. ரஷ்யப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவனும் அசிர்ப்பா என்ற அய்னு பழங்குடிச் சிறுமியும் ஹொக்கைடோ பனியில் புதையல் தேடுகிறார்கள். ரத்தம் அதிகம், கோமாளித்தனம் அதைவிட அதிகம், பெரியவர்களுக்கு மட்டும். ஆனால் அய்னு மொழிக்குப் பேராசிரியர் ஹிரோஷி நக்காகாவாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வேட்டை, சமையல், வேண்டுதல் என்று ஒன்றையும் விடாமல் வரைந்திருக்கிறார் நோதா. பச்சைக் கறியைக் கொத்திக்கொண்டே எல்லாரும் "சித்தத்தப், சித்தத்தப்" என்று சேர்ந்து சொல்வார்கள். அதுதான் அந்தப் பண்டத்தின் பெயரும். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் செமாய்ப் பழங்குடி நண்பர்கள் மூங்கிலில் சோறு சமைப்பதை ஒரு மணி நேரம் சொன்னார். இந்த மலைக்கு நமக்கும் துரைமாருக்கும் முன்பே சொந்தக்காரர்கள் அவர்கள். அவர்களை இப்படி மரியாதையோடு யாராவது படக்கதையாக வரைந்தால் முதல் பிரதி எனக்கு.

சாப்பாடு என்றதும் தம்பியைச் சொல்ல வேண்டும். ரியோகோ குயியின் 'டெலிஷியஸ் இன் டஞ்சன்' 14 பாகமும் அவனுக்கு வேண்டுமாம். டிராகன் விழுங்கிய தங்கையைக் காப்பாற்றப் பாதாளக் கோட்டைக்குள் போகிறவர்கள், கையில் காசில்லாததால் வழியில் வருகிற பூதங்களையே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நடக்கும் காளான், பாம்பு வால் கொண்ட கோழி, எல்லாவற்றுக்கும் சமையல் குறிப்பு. சிரிப்புக் கதை என்று நினைத்துத் தொடங்குங்கள். முடிக்கும்போது வேறு எங்கேயோ நிற்பீர்கள்.

ஜுன்ஜி இத்தோவின் 'உசுமாகி' புதிது இல்லை, 1998ல் தொடங்கியது. ஆனாலும் மூட்டையில் வைத்தேன். பல் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரையத் தொடங்கியவர் அவர். ஓர் ஊரையே சுழல் வடிவம் பிடித்து ஆட்டுகிறது. நத்தை, முடி, புகை, காது எல்லாம் சுழல். பேய் இல்லை, பிசாசு இல்லை, வெறும் கோடு! மின்சாரம் போன ஒரு ராத்திரி, பனி யன்னலில் அப்பிக்கொண்டிருக்க, கைபேசி வெளிச்சத்தில் படித்தேன். மறுநாள் தாப்பா சாலையில் இறங்க வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது சத்தியமாக உடம்பு சிலிர்த்தது.

ஜப்பானைப் புகழ்ந்துகொண்டே போகிறேனே, நம் ஊரில் ஆளில்லையா என்று கேட்பீர்கள். லாட் இருக்கிறார் ஐயா! முகமது நோர் காலிட், ஊரறிந்த பெயர் லாட். இந்த மலையிலிருந்து இறங்கி ஈப்போ பக்கம் போனால், பேராக்கில் இருக்கும் கோத்தா பாருதான் அவர் பிறந்த இடம். கிளந்தான் கோத்தா பாரு வேறு. 1979ல் வந்த 'கம்பத்துப் பையன்' – 'தி கம்போங் பாய்' – படிக்காத மலேசியர் எனக்கு நண்பராக இருக்க முடியாது என்று ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தேன். இன்றும் பெரிதாக மாறவில்லை. ஈயக் கப்பல், பால் மரக் காடு, ஆற்றுக் குளியல், குர்ஆன் வகுப்பு. ஒரே ஒரு முழுப்பக்கப் படத்தில் ஒரு கம்பமே மூச்சுவிடும். அடுத்து 1981ல் வந்த 'டவுன் பாய்' ஈப்போ நகரத்துக் கதை. மலாய்ப் பையனும் சீனப் பையன் பிராங்கியும் இசைத்தட்டு போட்டு ஆடும் இடம் எனக்கு இந்த நாட்டின் மிக அழகான பக்கங்களில் ஒன்று. மங்கா பிறகு, முதலில் லாட். பாட்டி உட்பட ஐந்து பேரும் ஒன்றாகத் தலையைக் குனிந்து பார்த்த முதல் புத்தகமும் அவருடையதுதான். நெருக்கியடித்ததில் தே ஓ அதன்மேல் சிந்தியது. 23ஆம் பக்கம் இப்போது பழுப்பு.

சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சன்னி லியூவின் 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்' 2015ல் வந்தது. இல்லாத ஒரு படக்கதை ஓவியரை உண்டாக்கி, அவர் வாழ்நாள் முழுக்க வரைந்தவை என்று விதவிதமான பாணியில் தானே வரைந்து, அதன் வழியே சிங்கப்பூர் அரசியல் வரலாற்றைச் சொல்லியிருக்கிறார். அரசு கொடுத்த 8,000 சிங்கப்பூர் வெள்ளி மானியம் திரும்பப் பெறப்பட்டது. 2017ல் மூன்று ஐஸ்னர் விருதுகள் வந்தன. அரசியல் பேசுகிற மாமா யாராவது வீட்டில் இருந்தால் இதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்காருங்கள்.

கேட் பீட்டனின் 'டக்ஸ்' 2022ல் வந்த கனடா நூல். படிப்புக் கடனை அடைக்க எண்ணெய் மணல் சுரங்க முகாமுக்கு வேலைக்குப் போன இளம் பெண்ணின் சொந்தக் கதை. ஆண்கள் ஆயிரம் பேர், பெண்கள் விரல்விட்டு எண்ணலாம். அங்கே அவளுக்கு நடந்ததைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறாள். ஊரைவிட்டு வந்து தகரக் கூரைக்குக் கீழே தூங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இந்த மலையிலும் இருக்கிறார்கள். காய்கறித் தோட்டத்து நெகிழிக் கூடாரங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது.

'வன்னி'யை மூட்டையின் அடியில் வைத்திருந்தேன். கிளிநொச்சியில் ஐ.நா. பணியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலாக் வரைந்து 2019ல் வந்தது. சுனாமியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒரு தமிழ்க் குடும்பம். இதற்கு நான் ஆர்ப்பாட்டமாகப் பேச முடியாது. சின்னம்மா ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தார்; அன்று சமைக்கத் தாமதமாயிற்று, யாரும் கேட்கவில்லை.

கடைசி நாள்தான் பாட்டிக்கு ஷான் டானின் 'தி அரைவல்' கொடுத்தேன். 2006ல் வந்த புத்தகம். ஆஸ்திரேலியர், அவருடைய அப்பா மலேசியச் சீனர், இங்கிருந்து போய் அங்கே குடியேறியவர். புத்தகத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. என் தராசு இங்கே உடைந்துவிடும், ஏனென்றால் எல்லாமே பேச்சில்லாத பக்கம். பழைய புகைப்படம் மாதிரி பழுப்பேறிய படங்கள். ஒருவன் பெட்டி கட்டுகிறான். பெண்டாட்டியும் மகளும் வழியனுப்புகிறார்கள். கப்பல். போய் இறங்கும் ஊரில் எழுத்து புரியவில்லை, பழம் புரியவில்லை, பிராணிகள்கூட விநோதம். அந்த ஊர் எழுத்தை டானே கண்டுபிடித்து வரைந்திருப்பதால் நமக்கும் புரியாது. யாரும் நம்மைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை.

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நிதானமாகப் புரட்டினார். ஆட்களை வரிசையில் நிறுத்தி, கண்ணைத் தூக்கிப் பார்த்து, சட்டையில் சீட்டுக் குத்துகிற இடம் வந்தது. விரலை அங்கே வைத்தார்.

"இது ஜெரஜா."

பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவு. கப்பலில் வந்தவர்களை நோய் பார்ப்பதற்காக அங்கேதான் இறக்கி வைத்திருப்பார்கள். பாட்டியின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். 1938ல் இந்தியா தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்கு முந்தி. அவர் சொன்ன கதையெல்லாம் பாட்டிக்கு நினைவிருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை. அன்று பக்கத்துக்குப் பக்கம் பாட்டி சொல்லச் சொல்ல, வார்த்தையில்லாத அந்தப் புத்தகத்துக்கு வார்த்தை வந்தது. மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்தது, கட்டியிருந்த வேட்டியைக் கொதிநீரில் போட்டது, கங்காணி கையில் எழுதிக் கொடுத்த கணக்கு, மேட்டில் நடந்து வந்தபோது முதல் முதலாகப் பார்த்த பனியைப் புகை என்று நினைத்துப் பயந்தது. தம்பி கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். தங்கச்சி கணக்குப் புத்தகத்தைத் திறந்து வரையத் தொடங்கினாள்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கோலாலம்பூர் சூரியா கேஎல்சிசியில் இருக்கும் கினோகுனியாவின் மங்கா அலமாரிகள் எனக்குக் கோயில். நான் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றின் ஆங்கிலப் பதிப்பை அங்கே தேடலாம். பிள்ளைகளுக்கு மலாயில் வேண்டுமென்றால் கடோகாவா கெம்பாக் ஸ்டார்ஸ் வெளியீடுகள் நிறைய உண்டு. காசு இல்லையென்றால் ஜப்பானின் ஷுஎய்ஷா நிறுவனம் 2019லிருந்து நடத்தும் 'மங்கா பிளஸ்' செயலியில் பல தொடர்களின் முதல் அத்தியாயங்களையும் புதிய அத்தியாயங்களையும் இலவசமாகப் படிக்கலாம். அதில் ஆங்கிலம் இருக்கிறது, இந்தோனேசிய மொழி இருக்கிறது, தாய்லாந்து மொழி இருக்கிறது, தமிழ் இல்லை. இத்தனைக்கும் இரும்புக்கை மாயாவியை முத்து காமிக்ஸில் கொண்டாடிய, 1984லிருந்து லயன் காமிக்ஸைத் தாங்கிப் பிடிக்கிற வாசகர்கள் நாம். சிவகாசியிலிருந்து பிரெஞ்சுக் கதையும் இத்தாலியக் கதையும் தமிழில் வருகின்றன. பதிப்பாளர் யாராவது இதைப் படித்தால், 'வின்லாண்ட் சாகா'வின் அந்தப் பண்ணைப் பாகங்களையாவது தமிழில் போடுங்கள். விற்கும். முதல் 20 பிரதிக்கு நான் இப்போதே பணம் கட்டுகிறேன்.

17 புத்தகத்தோடு போன நான் 16ஐத்தான் கீழே கொண்டுவந்தேன். 'தி அரைவல்' பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. திரும்பக் கேட்டேன், "மாங்கா பொஸ்தகம் இங்கயே இருக்கட்டும்" என்றுவிட்டார். எனக்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன்.